அடிவயிற்றின் வெள்ளை

விவாகரத்தில் அவனுக்கு டிரெய்லர் வீடு போயிற்று,
எனக்கு முப்பத்துநான்கு பொறிகள்.
வக்கீல் அவற்றை ‘இதர இரும்புச் சாமான்’ என்று எழுதியிருந்தார்.

இரண்டு குளிர்காலமாய் நானேதான் வைக்கிறேன்.
சுரங்கத்துச் சலவைக்கூடத்தில் இரவு ஷிப்டு முடித்து
முகம் கழுவாமல் பாறை விளிம்புக்கு வண்டியை விடுவேன்.
பொறிகளை முதலில் வேகவைக்க வேண்டும்,
செஜ் தழையைப் போட்டு,
மனுஷக் கை தொட்ட வாடை போகும்வரை.
என் கைக்குத்தான் ஒன்றும் போகவில்லை:
ப்ளீச், பீவர் சுரப்பி, ஸ்கங்க்.
வங்கி வரிசையில் எனக்குப் பின்னால்
எப்போதும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கும்.

காட்டுப்பூனைக்கு மூக்கைவிடக் கண்தான் எதிரி.
பழைய குறுந்தகடு ஒன்றை ஜூனிப்பர் கிளையில் கட்டினால் போதும்,
காற்றில் மினுங்கும், என்னவென்று பார்க்க வரும்.
எங்கள் கல்யாண வீடியோ இருந்த தகடு
மூன்று பூனைகளைக் கொண்டுவந்தது.
கொயோட்டி அப்படியில்லை.
பொறியைத் தோண்டி எடுத்து,
கவிழ்த்துவைத்து, அதன்மேல் கழித்துவிட்டுப் போகும்.
அதை நான் மதிக்கிறேன்.
மதித்துக்கொண்டே மறுபடி புதைக்கிறேன்.

யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்:
நான் போகும்போது பூனை உட்கார்ந்திருக்கும்.
கத்தாது. காதை மட்டும் பின்னுக்கு மடக்கும்.
துப்பாக்கி சின்னது, கனக்காது.
அதற்குப் பிறகு
தெர்மாஸ் மூடியைத் திருகுகிற சத்தம்
பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

பிப்ரவரியில் ஹ்ரூஸ்கா வருவார்.
மூடிக்கிடக்கும் மோட்டல் வாசலில் லாரியை நிறுத்தி,
மடக்கு மேஜை, குழல்விளக்கு, கால்குலேட்டர்.
தோளில் தோல்களோடு பதினைந்து பேர் வரிசை.
எனக்கு முன்னால் ராய்ஸ்,
என் வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

ஹ்ரூஸ்கா ஊதித்தான் விலை சொல்வார்.
அடிவயிற்றில் ஊதுவார், மயிர் வட்டமாய்ப் பிரியும்;
வெள்ளை எத்தனை விரற்கடை, புள்ளி எத்தனை கறுப்பு.
“முதுகு யாருக்கு வேண்டும்?
வயிறுதான் கோட்டு ஆகிறது.”
என் நாலாவது பூனைக்கு இரண்டு தடவை ஊதினார்.
நானூற்றெழுபது.

விற்றுவிட்டுப் போகவேண்டிய ராய்ஸ் போகவில்லை.
“அந்த முன்னங்காலைக் காட்டுங்கள்.”
ஒரு விரல் இல்லை.
“இது என்னுடையது. ஆறு வருஷம் முன்னால்
விரலை மட்டும் என் பொறியில் விட்டுவிட்டு ஓடியது.
மேவிஸ், நீதானே டார்ச் பிடித்தாய்?”

நான்தான் பிடித்தேன்.
பனியில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.
அவன் அந்த விரலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்,
அப்புறம் அது எங்கே போனதோ.

“விரலுக்கெல்லாம் பங்கு கிடையாது” என்றார் ஹ்ரூஸ்கா,
காசோலையிலிருந்து தலை நிமிராமல்.
வரிசை சிரித்தது.
ராய்ஸ் அந்தக் காலை உள்ளங்கையில் ஏந்தி
விரல் இல்லாத இடத்தைக்
கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.
அவ்வளவு பொறுமை அவனிடம் இருந்தது
எனக்குத் தெரியாது.

பிறகு என் கொயோட்டிகள், பதினொன்று.
ஊதவே இல்லை. “ஒன்றுக்கு நாலு டாலர்.
நகரத்தில் தொப்பி விளிம்புக்கு மயிர் வைப்பதை
நிறுத்திவிட்டார்களாம்.”
நாலு டாலருக்கு டீசல்கூட வராது.
திரும்ப வாரி எடுத்துக்கொண்டேன்.

நாய் விற்ற காசு குரைக்காது, சரி.
விற்காத பதினொன்று முன்சீட்டில் அடுக்கியிருக்கிறது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எட்டு.
ஹீட்டரைத் திருப்பிவிட்டேன்.
மேலே கிடந்ததன் மயிர்
காற்றுக்கு வட்டமாய்ப் பிரிந்து
மூடி
பிரிந்து
வீடுவரை வந்தது,
ஒரு விலையும் சொல்லாமல்.